மாடு செத்தவருக்கு வந்த அழைப்பு

இந்த வருசம் பொங்கல் அன்னைக்குப் பானையை இறக்கி வச்ச கையோட ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறிட்டேன். வீட்டில் யாரும் ஏன்னு கேட்கலை. மறுநாள் மாட்டுப்பொங்கல். எங்க தொழுவத்தில் மாடு இல்லை. ஐப்பசியில் அம்மை கண்டு பசு போச்சு. பத்து நாள் கழிச்சு கிடேரியும் போச்சு. வெறுந்தொழுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மனசு வரலை.

ரெண்டையும் குழி தோண்டிப் புதைச்சுக் கொடுத்தவர் கீழத்தெருக்காரர் ஒருத்தர். இருபது வருசமா என் வயலில் வேலை செய்றவர். கிடேரியைப் புதைச்சுட்டு மண்வெட்டியைக் கழுவும்போது, "மாட்டுப்பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி, நம்ம மாட்டுக்குப் பொங்குறதைப் பாருங்க"ன்னாரு. "பார்ப்போம்"னு சொல்லி வச்சேன். இது முதல் தடவை இல்லை. வருசா வருசம் கூப்பிடுவார், வருசா வருசம் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்.

அந்த ரெண்டாவது குழிக்குப் பிறகு நான் மூணு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலை. நாங்க தலைமுறையா வேதக்காரங்க. சாமிகிட்ட கோபம். என்ன தப்பு செஞ்சோம்னு இப்படி? வீட்டுக்காரி ஒரு நாள், "இங்க உட்கார்ந்து முணுமுணுத்தா அவருக்குக் கேட்குமா? போய் அவருட்டயே கேளுங்க"ன்னா. அதுக்குப் பிறகும் கோயிலுக்குப் போகலை. காற்றாடிமலைக்குத்தான் போனேன்.

நாகர்கோவிலுக்கு வர்றவங்க, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையடிவாரம் பூரா காற்றாலைகள் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. காற்றாடிமலை அங்கேதான் இருக்கு. பெரிய மலையெல்லாம் இல்லை, பாறைக்குன்று. 1752 ஜனவரி 14 அன்று அந்தக் குன்றில் ஒருத்தரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பேர் தேவசகாயம். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சார். இந்தியாவில் சாமியாரோ கன்னியாஸ்திரியோ இல்லாத, குடும்பஸ்தரா வாழ்ந்த ஒருத்தர் புனிதர் ஆனது அதுதான் முதல் தடவை. அவர் கதை எங்க பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசில் இருந்து கேட்ட கதைதான். ஆனா அந்தக் கதை மாடு செத்ததில் இருந்து ஆரம்பிக்குதுங்கிறது, என் மாடு செத்த பிறகுதான் எனக்கு உறைச்சது.

தேவசகாயத்தின் பழைய பேர் நீலகண்டன். 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்தவர். இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அன்னைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யம். அப்பா நம்பூதிரி, அம்மா நாயர் குலம். நல்ல வசதி. வாள், வில்லு, களரி எல்லாம் பழகினவர். தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் படித்தவர். பத்மநாபபுரம்தான் அப்போ தலைநகரம். அங்கே நீலகண்டசுவாமி கோயில் பொறுப்பில் இருந்து, பிறகு மார்த்தாண்ட வர்மா மகாராஜா அரண்மனையில் உத்தியோகத்துக்கு வந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளைக் கல்யாணம் செய்தார். ஒரு மனுசனுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா இடி விழுந்தது. பயிர் அழிஞ்சது, மாடுகள் செத்தது. அரண்மனை உத்தியோகஸ்தருக்கு இதெல்லாம் பெரிய நட்டமான்னு நகரத்தில் இருக்கிறவங்களுக்குத் தோணலாம். அந்தக் காலத்தில் சொத்துன்னா நிலமும் மாடும்தான், பாத்துக்கிடுங்க. மாடு சாகிறது என்பது இன்னைக்கு ஒருத்தரோட பேங்கு கணக்கு ராத்திரியோட காலியாகிற மாதிரி. அதுக்கு மேல இன்னொண்ணு. கூடவே இருந்து, குரல் கேட்டால் திரும்பிப் பார்த்த உயிர் அது. பேங்கு கணக்கு நம்மைத் திரும்பிப் பார்க்காது.

அந்த நேரத்தில் அவருக்குப் பழக்கமானவர் டிலனாய். இவர் கதையே தனிக்கதை. 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் படை தோற்கடித்தது. அதில் பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருத்தர். மகாராஜா அவரைச் சிறையிலேயே அழுக விடலை. இவரிடம் வித்தை இருக்குன்னு கண்டு, தன் படைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டை கட்டவும் வச்சுக்கிட்டார். தக்கலை பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டையை இன்னைக்கும் டிலனாய் கோட்டைன்னுதான் சொல்லுவாங்க. அவர் கல்லறையும் அதுக்குள்ளேதான் இருக்கு. தோத்துப் பிடிபட்டு, ஊர் உறவு எல்லாம் இழந்து, யாரோ ஒரு ராஜாவுக்கு வேலை செய்துக்கிட்டிருந்த கத்தோலிக்கர் அவர். இழப்புன்னா என்னன்னு அவருக்கும் தெரியும்.

வாடிப்போன நீலகண்டனைப் பார்த்து என்ன ஏதுன்னு கேட்டார் டிலனாய். பதிலுக்கு அவர் சொன்னது யோபுவின் கதை.

பைபிள் படிக்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லுதேன். யோபு பெரிய சம்சாரி. ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐநூறு ஏர் மாடு, ஐநூறு கழுதை. நல்லவர், கடவுளுக்குப் பயந்து நடந்தவர். ஒரே நாளில் எல்லாம் போச்சு. மாடுகள் உழுதுக்கிட்டு இருக்கும்போதே கொள்ளைக்காரங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. பிள்ளைகள் வீடு இடிஞ்சு செத்தாங்க. கடைசியில் அவர் உடம்பிலேயே புண். மூணு நண்பர்கள் ஆறுதல் சொல்ல வந்து, "நீ ஏதாவது பாவம் செஞ்சிருப்பே"ன்னு நோண்ட ஆரம்பிச்சாங்க. எங்க ஊரிலும் மாடு செத்தால் அப்படி நாலு பேர் வருவாங்க.

யோபு சும்மா இருக்கலை. கடவுளைக் கூப்பிட்டு வழக்காடினார். கடைசியில் கடவுள் புயலில் இருந்து பேசுகிறார். நீங்க அந்தப் பகுதியை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, ஆச்சரியமா இருக்கும். "உன் மாடு ஏன் செத்தது"ங்கிறதுக்கு அதில் பதிலே கிடையாது. பூமிக்கு அஸ்திவாரம் போட்டது யாரு, மழைக்கு வழி வெட்டினது யாரு, மலை ஆடு எந்த மாசத்தில் குட்டி போடும்னு தெரியுமா, காட்டெருமை உன் தொழுவத்தில் ராத்தங்கி உனக்கு ஏர் இழுக்குமான்னு கேள்வி மேல கேள்வியா வருது. யோபு வாயைப் பொத்திக்கிட்டார். இதுவரைக்கும் காதால் கேள்விப்பட்டிருந்தவரை இப்போ கண்ணாலேயே கண்டுக்கிட்டேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி அடங்கினார்.

இங்கே நான் ஒண்ணு கவனிச்சேன். வழக்காடினதுக்காக யோபுவைக் கடவுள் தள்ளிவிடலை. கடவுளுக்கு வக்காலத்து வாங்கின அந்த மூணு நண்பர்கள்மேலதான் அவருக்குக் கோபம். அப்போ தாழ்மைங்கிறது வாயை மூடிக்கிட்டுக் கிடக்கிறது இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கணும். ஆனா கேட்டுட்டு எழுந்து போயிடக் கூடாது, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். நான் மூணு வாரம் செஞ்சது நேர் எதிர். கேட்டுட்டுப் போயிட்டேன்.

நீலகண்டன் நின்னார். கணவாய்க்குக் கிழக்கே, மகாராஜா எல்லைக்கு வெளியே, திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம்னு ஒரு ஊர். அங்கே சேசு சபைச் சாமியார் புத்தாரி இருந்தார். ஜனங்க அவரைப் பரஞ்சோதிநாதர்னு கூப்பிட்டாங்க. அவரிடம் உபதேசம் கேட்டு, 1745இல் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்கிற பேரைத் தமிழாக்கி 'தேவசகாயம்'னு வச்சாங்க. கடவுளே உதவின்னு அர்த்தம். பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் வாங்கினார். அவருக்குத் தெரேசா என்கிறதைத் தமிழில் 'ஞானப்பூ'ன்னு வச்சாங்க.

ஞானஸ்நானம் பார்த்திருக்கீங்களா? தலையைக் குனிஞ்சாத்தான் தண்ணி ஊத்த முடியும். எல்லாரும் தனக்குத் தலை குனிஞ்சே பழகினவர், ஒரு சின்ன ஊரில் போய்த் தலையைக் குனிஞ்சார்.

ஏசுநாதர் சொன்ன ஒரு கதை லூக்கா நற்செய்தியில் இருக்கு. ஒருத்தர் பெரிய விருந்து வைக்கிறார். முன்னாலேயே சொல்லி வச்சவங்களுக்கு, "எல்லாம் தயார், வாங்க"ன்னு ஆள் அனுப்புறார். ஒருத்தர், "வயல் வாங்கியிருக்கேன், போய்ப் பார்க்கணும்" என்கிறார். அடுத்தவர், "அஞ்சு ஏர் மாடு வாங்கியிருக்கேன், ஓட்டிப் பார்க்கணும்" என்கிறார். மூணாவது ஆளுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. மூணுமே சம்சாரிகள் சொல்ற சாக்குதான்! பொய்யும் இல்லை. வயலையும் மாட்டையும் வீட்டையும் பார்க்க வேண்டியதுதானே? ஆனா கூப்பிட்டவரோட விருந்து ஆறிப்போச்சு. அவர் கோபப்பட்டுத் தெருவில் இருக்கிற ஏழைகளையும் நொண்டி முடங்களையும் குருடர்களையும் கூட்டிவரச் சொல்லுகிறார். பிறகும் இடம் இருக்கவே, வழியில் போறவங்களையும் வரச் சொல்லுகிறார்.

எனக்குத் தோணுறது இதுதான். அஞ்சு ஏர் மாடு வாங்கினவர் போகலை. மாடு செத்தவர் போனார். மாட்டைக் கொன்னு கடவுள் கூப்பிட்டார்னு நான் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னா நானும் யோபுவோட நண்பர்கள் கூட்டத்தில் சேர்ந்துடுவேன். அழைப்பு எப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும். கையில் மூக்கணாங்கயிறு இல்லாத நேரத்தில் அவருக்கு அது காதில் விழுந்தது.

அந்தக் கதையில் இன்னொண்ணு இருக்கு. விருந்துக்குப் போகிறவர், பந்தியில் யார் யார் உட்காரணும்னு தீர்மானிக்க முடியாது. அது கூப்பிட்டவர் முடிவு. நீங்க போய் உட்கார்ந்தா பக்கத்து இலையில் அவர் கூப்பிட்ட வேற ஆள் இருப்பார். அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட கனம் புரியும். எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிக்கணும்னு கணக்கு வச்சிருந்த ராஜ்யம் அது. அங்கே அரண்மனை உத்தியோகஸ்தரான தேவசகாயம், தாழ்ந்த சாதின்னு ஒதுக்கப்பட்டவங்களோட ஒண்ணா உட்கார்ந்தார், பேசினார், சாப்பிட்டார். எல்லாரும் சமம்னு வாய்விட்டுச் சொன்னார். கடவுளோடு எனக்குத் தனி உறவுன்னு வீட்டுக்குள்ளே கும்பிட்டுக்கிட்டு இருந்திருந்தா ஒருவேளை அவரை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

1749இல் அவரைக் கைது செய்தாங்க. ராஜத் துரோகம், சாமிகளை அவமதிச்சது, ராஜ்ய ரகசியத்தை வெள்ளைக்காரங்களுக்குக் கொடுத்ததுன்னு குற்றச்சாட்டுகள். மதம் மாறினதுக்காக அவரைத் தண்டிக்கலை, அரசாங்க விவகாரம்தான் காரணம்னு சொல்லும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. திருச்சபை விசுவாசத்துக்காகத்தான் கொல்லப்பட்டார் என்கிறது. நான் படிச்சது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒண்ணு மட்டும் யோசிக்கலாம். 1750இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வச்சு, தான் வெறும் தாசன்னு அறிவிச்சார். அப்படிப்பட்ட காலத்தில் அரண்மனைக்காரர் ஒருத்தர் வேற சாமியைக் கும்பிடுறதையும், கீழ்ச்சாதிக்காரங்களோட சாப்பிடுறதையும் அரசாங்க விவகாரம் வேற, மத விவகாரம் வேறன்னு பிரிச்சுப் பார்த்திருப்பாங்களா?

மூணு வருசம் சங்கிலியில் கிடந்தார். கை காலைக் கட்டி எருமை மேல பின்பக்கம் பார்த்து உட்கார வச்சு, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா ஊர்வலம் விட்டாங்க. அடிச்ச புண்ணில் மிளகாய்ப்பொடி தேச்சாங்க. பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாசக்கணக்கில் கட்டி வச்சிருந்தாங்க. எருமை மேல பின்பக்கமா உட்கார்ந்தவருக்குப் போற இடம் தெரியாது, விட்டுட்டு வந்த இடம்தான் கண்ணில் படும். விட்டதையெல்லாம் பார்த்துக்கிட்டே போனாலும் அவர் மனசு மாறலை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் முட்டியால் இடிச்சப்போ பாறையில் தண்ணி வந்ததுன்னு ஜனங்க நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறைன்னு அதுக்குப் பேர். நானும் போய் அந்தத் தண்ணியைத் தொட்டிருக்கேன்.

மரத்தில் கட்டிக் கிடந்த ஆளைப் பார்க்க ஜனங்க வர ஆரம்பிச்சாங்களாம். உத்தியோகத்தில் இருந்தப்போ இவரைப் பார்க்கப் பயந்தவங்க, இப்போ பக்கத்தில் வந்து உட்கார்ந்து மனக்கஷ்டத்தைச் சொன்னாங்க. கடைசியில் கணவாய்க்குக் கொண்டுவந்து ராத்திரியில் காற்றாடிமலைப் பாறையில் வச்சுச் சுட்டாங்க. உடம்பைக் காட்டில் போட்டுட்டுப் போயிட்டாங்க. சில நாள் கழிச்சு ஜனங்க தேடி எடுத்து, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தாங்க. ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்கு வந்து வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார்.

யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் ரெட்டிப்பாத் திரும்பி வந்தது. பதினாலாயிரம் ஆடு, ஆயிரம் ஏர் மாடு. யோபு கதையைக் கேட்டு வந்த தேவசகாயத்துக்கு ஒரு கன்னுக்குட்டிகூடத் திரும்பி வரலை. இருந்ததும் போச்சு. நட்டத்தை ஈடுகட்டத்தான் கடவுள்கிட்ட போனார்னா, முதல் அடியிலேயே திரும்பியிருப்பார். அவருக்குக் கிடைச்சது வேற ஏதோ. அதை அவர் மூணு வருசச் சங்கிலிக்கும் விட்டுக்கொடுக்கலை.

இதோட முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா வடக்கன்குளத்தின் கதையையும் சொல்லணும், அது எங்க ஜனங்க சங்கதி. தேவசகாயம் தலை குனிஞ்ச அதே ஊரில், பிற்காலத்தில் கோயிலுக்குள்ளே சாதிக்கு ஒரு பக்கமாச் சுவர் வச்சுப் பிரிச்சு உட்கார்ந்தாங்க. பீடம் ரெண்டு பக்கத்துக்கும் தெரியும், ஒரு பக்கத்து ஆளுக்கு மறுபக்கத்து ஆள் தெரியாது. 1910இல்தான் சாமியார்கள் அந்தச் சுவரை இடிச்சாங்க. அதுக்கும் ஒரு தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோத்தாங்க. விருந்துக்கு வந்து உட்கார்ந்துட்டு, பக்கத்து இலைக்காரருக்கும் நமக்கும் நடுவில் சுவர் வைக்கச் சொன்ன கதை இது. புனிதர் பட்டத்துக்கு முன்னால் அவர் பேரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யையும் ரோமில் எடுத்துட்டாங்க. ஆயுசுக்கும் அவர் உதற நினைச்சது, செத்து 250 வருசத்துக்கு மேல ஆன பிறகுதான் கழன்டுச்சு.

பொங்கல் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தக் குன்றில் உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். காத்து காதைப் பிடுங்கிச்சு. கேட்க வேண்டியதைக் கேட்டேன். என் பசு ஏன் செத்ததுன்னு பதில் வரலை. ஆனா இந்தத் தடவை எழுந்து போகலை. அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனசில் திரும்பத் திரும்ப வந்தது, மண்வெட்டியைக் கழுவிக்கிட்டே ஒருத்தர் சொன்ன வார்த்தைதான். வாங்க அண்ணாச்சி. இருபது வருசத்துச் சாக்கை எண்ணிப் பார்த்தேன். வயல், மாடு, வீட்டில் விசேஷம். அந்த மூணு பேர் சொன்னது எதையும் நான் பாக்கி வைக்கலை.

மறுநாள் கீழத்தெருவுக்குப் போனேன். அவர் ஒரு நிமிசம் திகைச்சுப் போய் நின்னார். உள்ளே போய் நாற்காலி எடுத்துட்டு வந்தார். வேண்டாம்னு சொல்லிட்டு, அவங்க உட்கார்ந்திருந்த திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் அடிச்சு, சலங்கை கட்டியிருந்தது. பொங்கலை முதலில் அதுக்கு ஊட்டிட்டு, எனக்கும் இலை போட்டாங்க. சாப்பிட்டேன். இருபது வருசத்தில் அந்த வீட்டில் நான் சாப்பிட்டது அன்னைக்குத்தான். வெல்லம் கொஞ்சம் கூடுதல்.

கை கழுவும்போது அவர் மாட்டை ஒரு தட்டு தட்டினேன். திரும்பிப் பார்த்துச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிட்டேன்.